ஏடிஹெச்டி உள்ள பிள்ளையும் வீடியோ கேமும்: நிறுத்தும் நேரத்துச் சண்டை

ஜனவரி 7

ஒரு வாசகர் கேட்டது: "என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஏடிஹெச்டி (கவனக் குறைபாடு, மிகையியக்கக் கோளாறு) இருப்பதாக மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிடம் தாங்குவதில்லை. அதே பிள்ளை கேம் ஆடும்போது சாப்பாடு, தண்ணீர், கழிவறை எதுவும் நினைவின்றி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு கவனம் உள்ளவனுக்குக் கவனக் குறைபாடு என்று எப்படிச் சொல்கிறார்கள்? நிறுத்தச் சொன்னால் கத்துகிறான், கையில் கிடைத்ததை எறிகிறான். கேமை வீட்டிலிருந்து ஒரேயடியாக அகற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் எண்ணம்."

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவதற்கு விடை எளிது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளையிடம் கவனமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும் அவனால் முடிவதில்லை என்பதே சிக்கல். கணக்குப் போட்டால் அது சரியா தவறா என்று தெரிய மறுநாள் ஆசிரியர் நோட்டைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். கேமில் பொத்தானை அழுத்திய அதே நொடியில் ஒலி எழுகிறது, புள்ளி ஏறுகிறது, எதிரி சாய்கிறான். காத்திருப்பதையே இந்தப் பிள்ளைகள் எப்படியாவது தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்பதை எட்மண்ட் சொனுகா-பார்க் என்னும் பிரிட்டிஷ் உளவியலாளர் 1990களின் தொடக்கத்திலிருந்தே எழுதிவருகிறார். காத்திருப்பே இல்லாத ஓர் உலகத்தைத் திரையில் கொடுத்தால் அவர்கள் அதை விட்டு எழுவதில்லை. ஆகவே கேமில் மூழ்கிக் கிடப்பதால் நோயறிதல் பொய்யாகிவிடாது. மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 கேட்பது வேறு: அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா, ஆறு மாதமாவது நீடித்தனவா, வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது தெரிகின்றனவா என்பவைதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஏழு வயதில் ஏடிஹெச்டி என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் சண்டை ஒருநாளும் ஆடும் நேரத்தில் வந்ததில்லை. நிறுத்தும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வந்தது. அதனால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கைவிட, ஆட்டம் எப்படி முடிகிறது, முடிந்த கையோடு என்ன நடக்கிறது என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். நிறுத்துவது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எது வராதோ அந்தத் திறமைதான். அதை அவர்களுடைய மன உறுதியிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு மன உறுதி இல்லையே என்று கோபித்துக்கொள்வதில் பொருளில்லை. கேமை அகற்றினால் சண்டை போகும் என்பது உண்மை; நிறுத்தக் கற்கும் வாய்ப்பும் அதோடு சேர்ந்து போகும்.

ஜனவரி 8

நேற்று எழுதியதற்கு வந்த மறுமொழிகளில் மூன்று பேர் "டோபமைன் போதை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். வீடியோ கேம் ஆடும்போது மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் வெளிப்படுவதை முதலில் காட்டிய ஆய்வு 1998-இல் நேச்சர் இதழில் வந்தது; அதில் கலந்துகொண்டவர்கள் எட்டே எட்டு ஆண்கள், எல்லாரும் பெரியவர்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளையைப் போதைக்கு அடிமை என்று அழைப்பது அந்த ஆய்வு தாங்காத பாரம்.

இதைவிட எனக்கு உதவியது வேறோர் ஆய்வு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஷாவும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்டது. மூளையின் மேற்புறணி முதிர்ச்சியடைவது ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளிடம் சராசரியாக மூன்று ஆண்டு தாமதமாகிறது என்று அவர்கள் கண்டார்கள். மற்றவர்களுக்கு ஏழரை வயதில் எட்டும் நிலை இவர்களுக்குப் பத்தரை வயதில் எட்டுகிறது. மாற்றம் அதே வரிசையில்தான் வருகிறது, பிந்தி வருகிறது. அந்தத் தாமதம் மிகுதியாகத் தெரிந்தது நெற்றிப் பக்கத்துப் பகுதிகளில். தன்னைத் தானே அடக்கிக்கொள்வதற்கும் திட்டமிடுவதற்கும் பொறுப்பான இடங்கள் அவை.

ஒன்பது வயது மகனிடம் ஒன்பது வயதுக்குரிய கட்டுப்பாட்டை எதிர்பார்க்காமல் ஆறு வயதுக்குரியதை எதிர்பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் அடுத்த அறையிலிருந்து "நேரமாகிவிட்டது, அணைத்துவிடு" என்று கத்திவிட்டு, அணைப்பான் என்று யாராவது நம்புவார்களா?

ஜனவரி 11

எப்படித்தான் முடிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளை ஆடும் கேமைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கேமிலும் நிறுத்துவதற்கு ஏற்ற இடங்கள் உண்டு. அவை கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. ஃபோர்ட்நைட் போன்ற கேமில் நூறு பேர் இறங்குகிறார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச் இருபது நிமிடத்தை ஒட்டி ஓடும். அதை நடுவில் நிறுத்திவைக்க முடியாது, ஏனென்றால் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அணியாக ஆடும்போது நடுவில் விலகினால் நண்பர்கள் திட்டுவார்கள். சில போட்டி கேம்களில் தண்டனையாகச் சிறிது நேரம் ஆட விடாமலும் செய்துவிடுவார்கள். சரியாக ஆறு மணிக்கு நீங்கள் அணைக்கச் சொல்லும்போது பிள்ளை கடைசிப் பத்துப் பேரில் ஒருவனாக நின்றுகொண்டிருக்கலாம். அவன் கத்துவதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. "ஆறு மணிவரை" என்பதற்குப் பதில் "இரண்டு மேட்ச்" என்றோ, "ஐந்தே முக்காலுக்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது" என்றோ விதியை வைத்தால், நிறுத்தும் இடம் ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

மைன்கிராஃப்ட் இதற்கு நேர் எதிர். அதில் முடிவே கிடையாது. எப்போது விட்டாலும் எல்லாம் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும். கேட்பதற்கு வசதியாகத் தோன்றும், ஆனால் முடிவில்லாத கேமில்தான் ஏடிஹெச்டி பிள்ளைக்கு வெளியேறும் வாசல் தெரிவதில்லை. அதற்குள்ளும் ஒரு கடிகாரம் ஒளிந்திருக்கிறது: அந்த உலகில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து நம் கணக்கில் இருபது நிமிடம். "மூன்று நாள் ஆடலாம், மூன்றாவது இரவு வந்ததும் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட வேண்டும்" என்று என் மகளிடம் ஒப்பந்தம் போட்டபோது, சுவர்க் கடிகாரத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காதவள் கேமுக்குள் சூரியன் இறங்குவதைத் தானே கவனிக்கத் தொடங்கினாள். தனியாக ஆடுகிறவர்களுக்கே இது பொருந்தும். பலரோடு ஆடும் சில சர்வர்களில் யாராவது ஒருவர் படுத்து உறங்கினாலே இரவு தாண்டிவிடும்.

அடுத்தது, கடைசி ஐந்து நிமிடம். இதில் குரலால் ஒரு பயனும் இல்லை. நான் செய்வது இதுதான்: பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். திரையைப் பார்ப்பேன். ஒன்றும் சொல்லமாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கோபுரத்துக்குக் கூரை கண்ணாடியா, மரமா?" என்பது போல அவள் செய்துகொண்டிருக்கிற வேலையைப் பற்றி ஒரு கேள்வி. முதல் தடவை கேட்டால் காதில் விழாது. இரண்டாவது தடவை கேட்டால் கண் திரையை விட்டு விலகாமலே "கண்ணாடி அப்பா" என்பாள். அந்தப் பதில் வந்துவிட்டால் ஆள் பாதி வெளியே வந்துவிட்டாள் என்று பொருள். அதற்குப் பிறகே "கூரையை முடித்ததும் எழுந்திருக்கலாம்" என்று சொல்வேன். கூரையை முடித்து, இரண்டடி பின்னால் நகர்ந்து அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைக்கும்போது அவள் முகத்தில் கோபம் இருப்பதில்லை. பதில் வருவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லும் நாள்களில் நிச்சயமாகச் சண்டை.

ஐந்து நிமிடம் உட்கார நேரமில்லை என்பவர்களுக்கு: சண்டைக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஜனவரி 11, இரவு

என் மனைவி மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "நீ ஐந்து நிமிடம் உட்காருகிறாயா? உட்கார்ந்து நீயும் ஆடத் தொடங்கி, இரண்டு பேரையும் எழுப்ப நான் வர வேண்டியிருக்கிறது" என்கிறாள். பதிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 19

கருவிகளைப் பற்றி. நின்டெண்டோ சுவிட்ச் என்னும் கேம் கருவிக்கான பெற்றோர் செயலியில் நேரம் முடிந்ததும் அறிவிப்பு மட்டும் காட்டவும் வைக்கலாம், ஆட்டத்தையே நிறுத்திவிடவும் வைக்கலாம். பிளேஸ்டேஷனிலும் ஏறக்குறைய இதே இரண்டு வழிகள். போனுக்கும் டேப்லெட்டுக்கும் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் ஆகியவை இருக்கின்றன.

எது நல்லது என்று கேட்டால், பிள்ளையைப் பொறுத்தது. அறிவிப்பு மட்டும் வந்தால் ஏடிஹெச்டி பிள்ளை அதைத் தட்டிவிட்டுத் தொடரும். வேண்டுமென்றே மீறுவதில்லை, அறிவிப்பு மனத்தில் பதிவதே இல்லை. சட்டென்று அணைந்துபோனால் கட்டிக்கொண்டிருந்தது போய்விடும் என்ற பயத்திலும் ஏமாற்றத்திலும் வெடிப்பு வரும். ஆனால் இயந்திரம் அணைப்பதில் ஒரு நன்மை உண்டு: கோபம் அதன்மேல் போகிறது, அப்பா அம்மாவின்மேல் வருவதில்லை. அதனால் நான் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறேன். ஒப்பந்தப்படி முடிக்க வேண்டிய நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் தள்ளி இயந்திரத்தின் பூட்டு. ஒழுங்காக முடித்தால் பூட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. வை-ஃபையைத் திடீரென்று துண்டிப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அது பூட்டுமல்ல, விதியுமல்ல, பதுங்கியிருந்து தாக்குவது.

மீதி நேரத்தைக் காட்டச் சிவப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும் கடிகாரம் கிடைக்கிறது. எண்களைவிட அது இந்தப் பிள்ளைகளுக்குப் புரிகிறது. நேரம் கடப்பதை உள்ளிருந்து உணரும் திறன் இவர்களுக்குக் குறைவு என்பதை ரஸ்ஸல் பார்க்லி என்னும் அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறார். உள்ளே இல்லாததை வெளியே கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் வழி. கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில், பார்வை படும் இடத்தில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டி என்ன பயன்?

ஜனவரி 27

முடிந்த பிறகு என்ன என்ற பகுதியை ஜனவரி 11 குறிப்பில் தொடாமல் விட்டேன், பாதிச் சண்டை அங்கேதான் இருக்கிறது.

கேமை விட்டு எழும் பிள்ளையை நேரே வீட்டுப்பாடத்தில் உட்காரவைத்தால், எழுந்திருக்காமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காரணம் அவனுக்கு வேறென்ன வேண்டும்? நடுவில் ஒன்று வேண்டும். அது உடம்பு அசைவதாக இருந்தால் நல்லது, வாயில் போடுவதாக இருந்தால் இன்னும் நல்லது. நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஏடிஹெச்டிக்காக மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்குப் பகலில் பசி மங்கிப்போகும். உடனடியாக வேலை செய்யும் வகையின் வீரியம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மெதுவாக வெளிப்படும் வகைகள் பள்ளி நேரம் முழுவதும் நீடிக்கும். வீரியம் இறங்கும் மாலையில் சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் அழுகையும் கூடும், அதே வேளையில் பகலெல்லாம் வராத பசியும் வந்து சேரும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் "போதும், அணை" என்ற கட்டளை பிறக்கிறது. எங்கள் வீட்டில் ஆட்டத்துக்கு முன்பே சாப்பிடக் கொடுத்துவிட்டு, முடியும் நேரத்தை அந்த இறக்கத்தைத் தாண்டித் தள்ளிவைத்தோம். உங்கள் பிள்ளைக்கு இறக்கம் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் தாளில் குறித்துவையுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடமும் காட்டுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது அவர் வேலை.

"வீட்டுப்பாடம் முடித்தால் கேம்" என்னும் பொதுவிதியில் எனக்கு இரண்டு மனம். பரிசு உடனே கிடைக்கிறது என்பது அதன் பலம். ஆனால் பரிசை எட்டும் அவசரத்தில் பாடத்தைக் கோழிக்கிறுக்கலாக முடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைகளும் உண்டு. என் மகள் அந்த வகை. வீட்டுப்பாடம் முழுவதையும் ஒரு மலையாகக் காட்டாமல், ஒரு பக்கம் முடித்துக் காட்டினால் இவ்வளவு நிமிடம் என்று துண்டாக்கிக் கொடுத்தபோது கையெழுத்து கொஞ்சம் மனிதர் படிக்கும்படி ஆனது.

பிப்ரவரி 3

கன்சோலை ஒரு மாதம் பறிமுதல் செய்து அலமாரியில் பூட்டிவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நான்காம் நாளே பிள்ளை அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டான் என்று அவரே வியக்கிறார்.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொலைவில் உள்ள பரிசு இவர்களை இழுக்காதது போலத் தொலைவில் உள்ள தண்டனையும் இவர்களைத் தடுக்காது. ஒரு மாதம் என்பது முடிவே இல்லாதது. அதில் நன்றாக நடந்துகொண்டு மீட்க வேண்டியது எதுவும் மீதமில்லை. இன்று பொருளை எறிந்தால் நாளை ஆட்டம் இல்லை, நாளை மறுநாள் கணக்குப் புதிது: சிறியது, உடனடியானது, ஒவ்வொரு முறையும் தவறாமல் நடப்பது. கேட்பதற்கு மென்மையாக இருக்கும். நடத்திக்காட்டுவது மாதப் பறிமுதலைவிடக் கடினம், ஏனென்றால் பெற்றோர் அன்றாடம் அதைக் காப்பாற்ற வேண்டும். ஏடிஹெச்டி பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. மறந்துபோகிற பெற்றோர் தானே மறந்துபோகிற பிள்ளைக்கு விதி வகுக்கிறார்கள்? எங்கள் வீட்டு விதிகள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருப்பது மகளுக்காக மட்டுமல்ல.

பிப்ரவரி 4

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. எறிவதற்கான விளைவு வேறு, அழுவதற்கான விளைவு வேறு. அழுதுகொண்டே அணைத்த பிள்ளை அணைத்துவிட்டது. அதற்குத் தண்டனை கிடையாது, பாராட்டுதான்.

பிப்ரவரி 10

மறுமொழிகளில் பேச்சு பணத்தின் பக்கம் போய்விட்டது, போகட்டும். இதற்கும் ஏடிஹெச்டிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ், ஒருநாள் வராவிட்டால் அறுந்துபோகும் தினசரிப் பரிசுச் சங்கிலி, சீசன் முடிவதற்குள் முடிக்க வேண்டிய பேட்டில் பாஸ் என்னும் பரிசுப் பட்டியல் எல்லாமே, யோசிப்பதற்கு முன் கை நீளும் இயல்புள்ளவர்களிடம் நன்றாக வேலை செய்யும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு விடாமல் செய்யவைக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டிய காலத்திலிருந்தே அறிவோம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இலேயே சில கேம்களின் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்று அறிவித்தது. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தோடு மொத்தம் 52 கோடி டாலருக்கு உடன்பாட்டுக்கு வந்தது, அதில் 24.5 கோடி, பயனர்களை அறியாமல் வாங்கவைக்கும்படி பொத்தான்களை வடிவமைத்தது தொடர்பானது. வளர்ந்தவர்களே தவறி அழுத்தும் பொத்தான் அது.

செய்ய வேண்டியது சொற்பம்: சாதனத்தில் அட்டை விவரம் எதுவும் சேமித்துவைக்கக் கூடாது, வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்க வேண்டும், அந்தக் கடவுச்சொல் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்கக் கூடாது. இவற்றுக்கு மேல், எந்த கேமை அனுமதிப்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே தினசரிப் பரிசு இல்லாததைத் தேர்ந்தெடுப்பது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கி முடித்துவிடும் கேம், இலவசம் என்று சொல்லி நாள்தோறும் கூப்பிடும் கேமைவிட மலிவாக முடியும்.

சீனாவைப் போலச் சட்டம் வேண்டும் என்கிறார் ஒருவர். அங்கே 2021 செப்டம்பர் முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆன்லைன் கேம் ஆடலாம். ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று சட்டம் சொல்வதில்லை.

பிப்ரவரி 22

"இது பழக்கமா, நோயா?" என்ற கேள்வி மறுபடி மறுபடி வருகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கேமிங் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. மணிக்கணக்கு அதில் அளவுகோலே அல்ல. ஆடுவதன்மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் விட அது முதலிடம் பிடித்துவிட்டதா, கேடு வந்த பின்னும் தொடர்கிறதா என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். வாழ்க்கையை மோசமாகப் பாதிக்கும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். டிஎஸ்எம்-5 அதை 2013-இல் மேலும் ஆராய வேண்டிய நிலை என்று மட்டுமே சேர்த்தது.

முதல் குறியை மட்டும் பார்த்தால் ஏடிஹெச்டி உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கோளாறு இருப்பதாகத் தோன்றும், ஏனென்றால் கட்டுப்பாட்டுக் குறைவு அவர்களுக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டாவதுதான் எனக்கு அளவுகோல். மற்ற விருப்பங்கள் உயிரோடு இருக்கின்றனவா? என் மகள் நிறுத்தும்போது அழுவாள். ஆனால் பந்தோடு யாராவது வாசலில் நின்றால் அழுகையை நடுவில் விட்டுவிட்டு ஓடிவிடுவாள். வாசலில் நண்பன் நின்றாலும் எழாத பிள்ளை, குளிக்கவும் மறுக்கும் பிள்ளை, பள்ளியைத் தொடர்ந்து தவிர்க்கும் பிள்ளை என்றால் என் குறிப்புகள் போதா; மருத்துவரிடம் போக வேண்டும். அடியில் மனச்சோர்வோ பதற்றமோ பள்ளியில் நடக்கும் கேலியோ இருக்கலாம், கேம் அதன் மறைவிடமாக இருக்கலாம்.

ஏடிஹெச்டிக்கான சிகிச்சையைச் சரிசெய்தாலே கேம் பழக்கமும் தளர்வதுண்டு. கொரியாவில் 2009-இல் வெளியான சிறு ஆய்வொன்றில் 62 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தபோது கவனம் மேம்பட்டதோடு இணையத்தில் செலவிட்ட நேரமும் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாக் குழு அதில் இல்லை என்பதால் அதன்மேல் அதிகம் கட்டிவிடக் கூடாது. இருந்தாலும் எதை முதலில் சரிசெய்வது என்ற கேள்விக்கு அது ஒரு திசையைக் காட்டுகிறது.

மார்ச் 5

"கேமையே மருந்தாக எழுதிக்கொடுக்கிறார்களாமே, நீங்கள் நிறுத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள்" என்று ஒரு குத்தல். உண்மைதான், அப்படி ஒன்று இருக்கிறது. எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற கேமை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 ஜூனில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, மருத்துவர் சீட்டோடு பயன்படுத்த அனுமதித்தது. அதன் முதன்மை ஆய்வில் 348 பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். நாளுக்கு 25 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம். கணினியில் எடுக்கும் கவனத் தேர்வில் ஒப்பீட்டுக் குழுவைவிட முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெற்றோர் கொடுத்த மதிப்பீடுகளில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. தேர்வில் ஏறிய மதிப்பெண் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். மருந்துக்கு மாற்றாக அன்றி, மற்ற சிகிச்சைகளோடு சேர்ந்த ஒன்றாகவே அதற்கு அனுமதியும் தரப்பட்டது.

என் மகளுக்கு இந்தச் செய்தியைச் சொன்னேன். "அப்படியென்றால் நான் ஆடுவதும் சிகிச்சைதானே அப்பா?" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 16

இரவு பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஏடிஹெச்டி பிள்ளைகளுக்குப் படுத்ததும் தூக்கம் வராமை மிகவும் சாதாரணம். அதன்மேல் பிரகாசமான திரையும் போட்டியின் பரபரப்பும் ஏறினால் தூக்கம் மேலும் தள்ளிப்போகும். தூக்கம் குறைந்த மறுநாள் கவனமும் பொறுமையும் குறையும், மாலையில் நிறுத்தும் சண்டை பெரிதாகும். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஆட்டம் முடிந்தாக வேண்டும், சாதனங்கள் படுக்கையறையில் இருக்கக் கூடாது என்ற இரண்டில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. விடுமுறை நாளில் காலையில் ஆட விடுவதை என் மனைவி முதலில் எதிர்த்தாள். இப்போது அவளும் ஒப்புக்கொள்கிறாள், ஏனென்றால் காலையில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது, முடித்தபின் வெளியே போக வெளிச்சமும் இருக்கிறது.

நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சில் குறுக்கே விழுவது, முறை வரும்வரை பொறுக்காமை போன்றவற்றால் வகுப்பில் ஒதுக்கப்படும் பிள்ளைக்கு, கேமில் கூட ஆடும் மூன்று பேர்தான் உலகம் என்றிருக்கலாம். அங்கே அவனுடைய வேகம் குறையாகத் தெரிவதில்லை. கேமை அகற்றும்போது அந்த மூன்று பேரையும் அகற்றுகிறோம். அவர்கள் யார், பெயர் என்ன, நேரில் தெரிந்தவர்களா என்று கேட்டு வைத்திருங்கள். குரல் அரட்டை வைத்திருந்தால் அது கூடத்தில், ஒலிபெருக்கியில், எல்லாருக்கும் கேட்கும்படி நடக்கட்டும்.

ஏப்ரல் 2

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கேமை அகற்றவில்லை. வார நாள்களில் இரண்டு மேட்ச், பக்கத்தில் உட்காருவது, முடிந்ததும் சிற்றுண்டி என்று மாற்றியதில் எறிவது நின்றிருக்கிறதாம், கத்துவது நிற்கவில்லையாம். விடுமுறை நாளில் பாட்டியிடம் போனால் எல்லாம் தலைகீழாகிறது என்கிறார். பாட்டி "குழந்தை இன்னும் கொஞ்சம் ஆடட்டுமே" என்று அனுமதிக்கிறார், திங்கட்கிழமை முழுவதும் பழைய கூச்சல் திரும்புகிறது.

இதற்கு என் யோசனை: பாட்டியிடம் விதிகளின் பட்டியலைக் கொடுக்காதீர்கள். யாரும் பேரனுக்குக் காவலராக விரும்பமாட்டார்கள். ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள், மேட்சுகளை எண்ணும் வேலையை. அங்கே எண்ணிக்கை மூன்றாகவே இருக்கட்டும், அது பாட்டி கொடுக்கும் சலுகை; ஆனால் மூன்றாவது முடிந்ததும் கூட எழுந்து நடப்பவர் பாட்டியாகவே இருக்கட்டும். பேரனிடமும் வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: அங்கே மூன்று, இங்கே இரண்டு, திங்கட்கிழமையும் இரண்டுதான். இடத்துக்கு இடம் விதி மாறுவதை இந்தப் பிள்ளைகளால் தாங்கிக்கொள்ள முடியும், மாறப்போவது முன்பே தெரிந்திருந்தால். திங்கள் மாலை மட்டும் நீங்களோ உங்கள் மனைவியோ கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அன்று ஐந்து நிமிடம் போதாது, பத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

கத்துவது எப்போது நிற்கும் என்றும் கேட்டிருக்கிறார். என் மகள் பன்னிரண்டு வயதிலும் சில நாள் கத்துகிறாள். இப்போதெல்லாம் அணைத்துவிட்டுக் கத்துகிறாள்.